மாணிக்கக் குழியின் வாயை மட்டும் அடைத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலை மலைகளிலும் கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றின் கரையிலும் மாணிக்கக் கல் தோண்டியவர்கள் விட்டுப்போன குழிகள் பல இன்னும் திறந்தே கிடக்கின்றன. மூடிய குழிகளும் ஒரு மழைக்காலம் கழிந்தால் மறுபடி வாய் பிளக்கின்றன. டிராக்டரில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, மேலே நாலு மிதி மிதித்துவிட்டுப் போவதுதான் காரணம்.

மாணிக்கக் குழி வெறும் கிணறு அல்ல. இல்லம என்ற சரளைப் படுகையை எட்டியதும், அது ஓடும் திசையில் பக்கச் சுரங்கம் வெட்டுவார்கள். வாயை அடைத்தாலும் அந்தச் சுரங்கம் வெறுமையாகவே இருக்கும். குழிச் சுவரில் மரச்சட்டத்துக்குப் பின்னால் திணித்த பெரணித் தழையும் மக்கிப் பொந்தாகிவிடும். மழைத்தண்ணீர் அதில் புகுந்தால் கொழுந்து எடுக்கும் மலையே உள்வாங்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த நாட்களில் வேலையை முடிக்க வேண்டும். முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். எஞ்சின் பம்பைக் குழிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும். மெழுகுவர்த்தி அணையாமல் எரிகிறது என்று நம்பியும் இறங்கக் கூடாது, அது புகை நஞ்சைக் காட்டாது. சுரங்கத்தின் கூரையை மேலிருந்து பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரத்தால் உடைத்துவிடுவதே நல்லது. அடியில் கழுவிய சரளை, அதன்மேல் அடிமண். ஓர் அடிக்கு ஓர் அடுக்காக இடித்து இறுக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்துக் கடைசியில் போட்டு, ஓர் அடி மேடாக விடுங்கள், எப்படியும் அமிழும்.

தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது குழியை மூடுவதற்காக வைப்புப் பணம் வாங்குகிறது. களவாகத் தோண்டிய குழிக்கு அப்படி ஒரு சதமும் இல்லை. ஆகவே யார் பணத்தில் மூடுவது என்பதைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் மழைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். கரைந்த மண் எப்படியும் ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது.

மூடிய இடத்தில் உடனே தேயிலை நடாதீர்கள். குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ 18 முதல் 24 மாதம் வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்பிய பிறகுதான் கன்று வைக்கலாம்.

வாசகர்,
பொகவந்தலாவை