புதிய பள்ளி முதல்வர் முதலில் கேட்க வேண்டியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்டு இறுதியில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு புதிய பள்ளி முதல்வர்களை அறிவிக்கும்போதெல்லாம், அலமாரியில் நான் விட்டுவந்த நீல அட்டை நோட்டு நினைவுக்கு வருகிறது.

நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. எங்கள் தொடக்கநிலை நான்கு மாணவர்கள் பாடத்துக்கு முன் பத்து நிமிடம் இருவர் இருவராக உட்கார்ந்து உரக்க வாசிப்பார்கள். யார் எங்கே தடுக்கினார், எந்தச் சொல்லை எழுத்துக்கூட்டினார் என்று நானும் சக ஆசிரியை ஒருவரும் இரண்டு ஆண்டுகள் அந்த நோட்டில் குறித்துவைத்தோம். முதல் தவணையில் 'மழைக்காலம்' என்ற சொல்லை மூன்று துண்டாக உடைத்த சிறுமி, நான்காம் தவணையில் ஒரு பக்கத்தை நிற்காமல் வாசித்தாள்.

பிறகு முதல்வர் மாறினார். வாசிப்பு நேரம் போய், கைக்கணினிச் செயலி வந்தது. செயலி கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழையதால் என்ன பலன், புதியதற்கு என்ன சான்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

எங்கள் நோட்டும் முழுச் சான்று ஆகாது. வயது ஏற ஏற வாசிப்பு தானாகவே தேறும். அப்படி வாசிக்காத ஒரு வகுப்போடு ஒப்பிட்டிருந்தால்தான் உண்மை தெரிந்திருக்கும். அதைச் சொல்லித்தர, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படி ஏறுகிறது என்பதை நம் வகுப்பறையில்தான் பார்த்தறிய வேண்டும். சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடை வராது. வீட்டுமொழி மாறிவருவதைக் கணக்கில் கொண்டுதான் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் தரச் சொன்னது.

அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் நீக்கப்பட்டதால் பள்ளிகளுக்கு நேரம் மிஞ்சியிருக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்பது பெரும்பாலும் முதல்வர் கையில்.

பொறுப்பை ஒப்படைக்கும் முதல்வர், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கம் எழுதிக்கொடுக்கட்டும்: ஏன் தொடங்கினோம், யாரோடு ஒப்பிட்டோம், என்ன கண்டோம். இன்னொரு படிவமா என்று ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பணியில் இருந்தபோது நானும் சுளித்திருப்பேன். இருந்தாலும், அந்தப் பக்கத்தைப் படித்து, வகுப்பெடுத்த ஆசிரியர்களிடம் பேசும்வரை புதிய முதல்வர் எதையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம் என்று கல்வி அமைச்சு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஈசூன்