மைசீனிக்கு மூன்று மணி நேரம் கொடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு ஏதென்ஸில் கிளம்பி கொரிந்து கால்வாய், பழைய கொரிந்து, மைசீனி, நாஃப்லியோ, எபிடாரஸ், இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப ஏதென்ஸ். ஒரே நாளில் ஐந்து இடம். உங்கள் குழுவில் பலருக்கு இந்த செமஸ்டரில் ஏதென்ஸை விட்டு வெளியே போகக் கிடைக்கும் ஒரே நாள் இதுதான், அதனால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். புரிகிறது. ஆனாலும் பழைய கொரிந்தை எடுத்துவிடு என்றுதான் சொல்வேன். அதில் மிச்சமாகும் நேரத்தை அப்படியே மைசீனிக்கு, அந்த வெண்கலக் காலக் கோட்டைக்குக் கொடு.

உனக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேனே என்று நினைக்காதே. வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் இப்படி ஒரு குழுவை மேய்க்கும் பொறுப்பு உன் ஒருவன் தலையில் மட்டும் விழவில்லை. வேறு சிலருக்கும் உதவும்.

முதலில் கால்வாய். பஸ் பாலத்தருகே நிற்கும், எல்லோரும் இறங்கி எட்டிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். கால் மணி நேரம் போதும். நீளம் 6.4 கிலோமீட்டர், இருபுறமும் செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர் ஏறத்தாழ 80 மீட்டர் உயரம். 1893-இல்தான் திறந்தார்கள். ஆனால் அதே இடத்தில் கி.பி. 67-இலேயே நீரோ மன்னன் வெட்டத் தொடங்கி, அடுத்த ஆண்டே அவன் இறந்துபோக வேலை நின்றுவிட்டது. இதை பஸ்ஸிலேயே மைக்கில் சொல்லிவிடு. இறங்கிய பிறகு சொன்னால் ஒருவர் காதிலும் ஏறாது.

அடுத்தது மைசீனி. காலையிலேயே போய்விடு. அந்தக் குன்றில் நிழல் என்று பெயருக்குக்கூட எதுவும் இல்லை. வழியில் உள்ள கல் பல லட்சம் கால்கள் பட்டு வழுவழுப்பாகியிருக்கிறது, செருப்போடு யாரையும் ஏறவிடாதே.

அங்கே போனதும் வழிகாட்டி அகமெம்னோனில்தான் ஆரம்பிப்பார். கதைப்படி மைசீனியின் அரசன், டிராய் போருக்குக் கப்பல் நடத்திப்போனவன், திரும்பி வந்ததும் மனைவியின் கையால் செத்தவன். நல்ல கதைதான், நானும் ரசித்துக் கேட்டேன். ஆனால் அந்தக் கதை முதலில் காதில் விழுந்துவிட்டால் கண் வேறெதையும் பார்ப்பதில்லை. சிங்க வாயிலைப் பார்த்தால் "இதன் வழியாகத்தான் அகமெம்னோன் போனானா?" என்று மட்டும் கேட்கத் தோன்றும். அதனால் வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிவை: முதல் இருபது நிமிடம் அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் பார்க்கட்டும், பார்த்ததைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். கதையை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வாயிலில் என்ன பார்ப்பது என்று கேட்பாய். மேலே கிடக்கும் உத்தரக்கல்லைக் காட்டு. சுமார் 20 டன் எடை. அதற்கு மேலே இரண்டு சிங்கங்கள் ஒரு தூணின் இருபுறமும் முன்கால்களை ஊன்றி நிற்கின்றனவே, அந்தப் பலகை ஏன் முக்கோணமாக இருக்கிறது என்று கேள். யாராவது ஒருத்தர் கண்டுபிடித்துவிடுவார்கள். சுற்றியுள்ள பெரிய கற்களின் பாரம் உத்தரக்கல்லின் நடுவில் இறங்கினால் அது முறிந்துவிடும். அதனால் அங்கே முக்கோணமாக ஒரு காலியிடம் விட்டு, பாரத்தை இரு பக்கச் சுவர்களுக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். காலியிடத்தை அடைக்க ஒரு மெல்லிய பலகை, அதில் சிற்பம். கி.மு. 1250 வாக்கில் செய்தது. சிங்கங்களின் தலைகளைத் தனியாகச் செய்து பொருத்தியிருக்கிறார்கள், அவை காணாமல் போய்விட்டன. இரும்புக் கருவி புழக்கத்துக்கு வராத காலத்தில், வெண்கல உளியும் மணலும் கயிறும் மரமும் வைத்துக்கொண்டு பெயர் தெரியாத யாரோ இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த அரசனைவிட இவர்கள் மேல்தான் பிரியம்.

இதே யோசனையை இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் 'அட்ரியஸின் கருவூலம்' என்று சொல்லப்படும் கல்லறைக்குப் போ (கதையில் அட்ரியஸ் அகமெம்னோனின் அப்பா). கோட்டையிலிருந்து கொஞ்ச தூரம் கீழே, ரோட்டோரமாக இருக்கிறது. பல குழுக்கள் நேரமில்லை என்று இதை விட்டுவிடுகின்றன. இதற்காகத்தான் உன்னிடம் கூடுதல் நேரம் கேட்கிறேன். உள்ளே போனால் வட்டமான ஒரே அறை. குறுக்களவு 14.5 மீட்டர், உயரம் 13 மீட்டருக்கும் மேல். 33 வரிசைக் கற்கள், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிட ஒரு துளி உள்ளே தள்ளி வைக்கப்பட்டு, உச்சியில் ஒரே கல்லில் முடிகிறது. சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. ரோமானியர்கள் வந்து கட்டும்வரை, ஆயிரம் வருடத்துக்கும் மேலாக, உலகத்தில் இதைவிடப் பெரிய குவிமாடம் இல்லை. வாசலுக்கு மேலே உள்ள உள்பக்க உத்தரக்கல்லின் எடை மட்டும் சுமார் 120 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் அடியில் நின்று பார். அந்தப் பிரம்மாண்டமான கல்லின் உள்முகம் நேராக இல்லை, அறையின் வளைவுக்கு ஏற்றபடி மெல்ல வளைத்துச் செதுக்கியிருக்கிறது. நான் கையை எட்டி வாசல் நிலையைத் தடவிப் பார்த்தேன். வரிசையாகச் சிறு துளைகள் தட்டுப்பட்டன, அலங்காரங்களைப் பதித்து வைத்திருந்த துளைகள். முகப்பை அலங்கரித்த அரைத்தூண்களின் துண்டுகள் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

இங்கேயும் கதை முந்திக்கொண்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் சுற்றிய பவுசனியாஸ் என்ற பயணி, அட்ரியஸும் அவன் பிள்ளைகளும் செல்வத்தைப் பதுக்கிய நிலவறைகள் இங்கே இருந்ததாக எழுதிவைத்தார். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவூலமும் இல்லை, அட்ரியஸும் இல்லை. இது கல்லறை.

கோட்டைக்குள் வாயிலைத் தாண்டியதும் வலதுபக்கம் வட்டமான கல்லறைக் களம் வரும். 1876-இல் ஜெர்மானியரான ஹைன்ரிஷ் ஷ்லீமன் தோண்டிய இடம். அவருக்கு, டிராய் போரைப் பாடிய பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் எழுதியதெல்லாம் அப்படியே நடந்தது என்ற நம்பிக்கை. தங்க முகமூடிகள் கிடைத்ததும் அகமெம்னோனையே கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார். இன்று 'அகமெம்னோனின் முகமூடி' என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பது அங்கே கிடைத்ததுதான். ஆனால் அது கி.மு. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டிராய் போர் நடந்திருந்தால் அது கி.மு. 1200-ஐ ஒட்டித்தான் நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இடையில் முந்நூறு வருடம் இருக்கிறது.

அந்தக் களத்தின் ஆறு குழிகளில் 19 பேரைப் புதைத்திருந்தார்கள். ஒன்பது ஆண்கள், எட்டுப் பெண்கள், இரண்டு குழந்தைகள். குழந்தைகளைத் தங்கத் தகட்டால் சுற்றி வைத்திருந்தார்கள், முகத்துக்கும் கைகால்களுக்கும் தனித்தனியாக அளவெடுத்து. முகமூடியைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு மைசீனி என்றால் இப்போதும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நீ கட்டாயம் சொல்லு.

இன்னொன்றும் சொல்லு. கோட்டைக்கு வெளியே இருந்த வீடுகளில் களிமண் பலகைகள் கிடைத்தன. லீனியர் பி எழுத்து, கிரேக்க மொழியை அந்தக் காலத்தில் எழுதிய முறை. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்துக் காட்டினார், தொழிலால் கட்டடக் கலைஞர், அப்போது வயது சுமார் 30. அந்தப் பலகைகளில் வீரகாவியம் எதுவும் இல்லை. எண்ணெய், கம்பளி, யாருக்கு எவ்வளவு படி என்ற கணக்கு. மைசீனியில் கிடைத்தவற்றில் எள், சீரகம், கொத்தமல்லி, சோம்பு என்று சரக்குப் பட்டியலே இருக்கிறது. சுடாத மண்ணில் தற்காலிகமாகக் குறித்து வைத்தவை. வீடு தீப்பிடித்து எரிந்தபோது அந்த நெருப்பிலேயே வெந்து கெட்டியானதால்தான் நமக்குக் கிடைத்தன. அகமெம்னோனைப் பற்றி நேரில் தெரிந்தவர் எழுதிய ஒரு வரி இல்லை, ஆனால் சீரகம் எவ்வளவு இருந்தது என்பதற்கு எழுத்து இருக்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள், பார்.

நாஃப்லியோவில் சாப்பாடு. இரண்டு மணி நேரம் விட்டுவிடு, கடலோரமாகத் திரியட்டும். பலமிடி கோட்டைக்கு 999 படிகள் என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அத்தனை வராது, அதற்காக யாரையும் வெயிலில் ஏறவிடவும் வேண்டாம். மேலே வரை வண்டிச் சாலை இருக்கிறது. ஆனால் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போ: சந்துக்குள் இருக்கும் புனித ஸ்பிரிடன் தேவாலயம். ஏதென்ஸ் தலைநகராவதற்கு முன்னால் இந்த ஊர்தான் புதிய கிரீஸின் தலைநகரம். சுதந்திர கிரீஸின் முதல் ஆட்சித் தலைவர் கபோடிஸ்ட்ரியாஸை 1831 அக்டோபர் 9-ஆம் தேதி இந்தத் தேவாலய வாசலில்தான் சுட்டும் குத்தியும் கொன்றார்கள். குண்டு பட்ட தடம் என்று சுவரில் ஒரு குழியைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பழங்காலத்தை மட்டுமே பார்க்க வந்தவர்களுக்கு, கிரீஸ் என்ற நாடு இருநூறு வருடம் முன்புதான் எவ்வளவு கஷ்டப்பட்டு உருவானது என்பது அங்கே உறைக்கும்.

கடைசியாக எபிடாரஸ். நாஃப்லியோவிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். சாயங்கால வெயிலில் அங்குள்ள பழைய திறந்தவெளி நாடக அரங்கைப் பார்க்க வேண்டும், அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். ஆனால் அக்டோபரில் மூடும் நேரம் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். கிளம்பும் முன் உறுதி செய்துகொள். சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்றால் எபிடாரஸை முன்னால் தள்ளி, நாஃப்லியோவைக் கடைசியில் வை.

அங்கே காத்திருக்கும் கதை நாணயக் கதை. நடுவட்டத்தில் ஒரு காசைப் போட்டால் 55 வரிசைக்கு மேலே உச்சியில் இருப்பவருக்கும் கேட்கும் என்பார்கள். வழிகாட்டி ஒருவர் போட்டுக் காட்டுவார், மேலே இருப்பவர்கள் கைதட்டுவார்கள். 2017-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளை வைத்து அளந்து பார்த்தார்கள். காசு விழும் சத்தம் அரங்கு முழுக்க எட்டுகிறது, ஆனால் அது காசுதான் என்று அடையாளம் தெரிவது பாதி வரிசைகள் வரைதான். கிசுகிசுப்பு மேலே வரை எட்டவில்லை. இதைக் கேட்டு ஏமாற வேண்டியதில்லை. நடிகன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் உச்சி வரிசைக்கும் வார்த்தை தெளிவாகப் போகிறது. மைக் இல்லாமல் 12,000 பேருக்கு மேல் உட்கார்ந்து கேட்கும் இடம் அது. படிப்படியான சுண்ணாம்புக்கல் இருக்கைகள் தாழ்ந்த இரைச்சலை அடக்கி, குரலின் உயர்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்புகின்றன என்று 2007-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வு ஒன்று விளக்கியது.

நீ ஒன்று செய். குழுவைப் பரப்பி உட்காரவை: சிலர் கீழே, சிலர் நடுவில், சிலர் உச்சியில். ஒருவர் நடுவில் நின்று சாதாரணமாகப் பேசட்டும். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று அவரவர் குறித்து வைத்துப் பிறகு ஒப்பிடட்டும். நாங்கள் இதைச் செய்தோம். என்னோடு உச்சி வரிசையில் இருந்த தோழிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு வார்த்தைகளின் கடைசி எழுத்து காற்றில் போனது. அரை மணி நேரம் அதைப் பற்றியே வாதாடினோம். அந்த வாதம் எந்த வழிகாட்டி உரையைவிடவும் நன்றாக மனதில் நிற்கிறது.

அரங்கோடு திரும்பிவிடாதே. அந்த இடமே ஒரு மருத்துவக் கோயிலுக்காக உருவானது. அஸ்கிளேப்பியஸ் என்ற மருத்துவக் கடவுளிடம் நோயாளிகள் வருவார்கள், ஒரு நீண்ட மண்டபத்தில் இரவு படுத்துத் தூங்குவார்கள், கனவில் கடவுள் வந்து குணமாக்குவார் என்று நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லடைப்பால் அவதிப்பட்ட யூஃபானிஸ் என்ற சிறுவனின் கதை அதில் ஒன்று. "குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய்?" என்று கனவில் கடவுள் கேட்கிறார். "பத்து விளையாட்டு எலும்பு தருகிறேன்" என்கிறான் பையன். ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடும் ஆட்டம், அவனுடைய சொத்தே அதுதான். கடவுள் சிரித்துவிட்டுச் சரி என்கிறார். காலையில் குணமாகி வெளியே வந்தான் என்று முடிகிறது. நடந்ததா என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், மறுநாள் யாருக்கு நேரமிருக்கிறதோ அவர்களை ஏதென்ஸில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பு. முகமூடி, குழந்தையைச் சுற்றியிருந்த தங்கத் தகடு, லீனியர் பி பலகைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முந்தின நாள் வெறும் குழியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் வேறு மாதிரி தெரியும்.

பழைய கொரிந்தில் அப்பல்லோ கோயில் தூண்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஏதென்ஸிலிருந்து புறநகர் ரயிலில் கொரிந்து வரை போய்விடலாம், ஆசைப்படுபவர்கள் இன்னொரு நாள் தனியாகப் போய்க்கொள்ளட்டும். மைசீனிக்கு ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை என்று போட்டுத் திட்டத்தைத் திருத்தி அனுப்பு, பஸ்காரரிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா