ஈஸ்டருக்கும் கடிதம் வரவில்லை

வியன்னா
21 ஏப்ரல் 1918, ஞாயிறு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் சுகம். ஈஸ்டருக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இத்தாலிப் போர்முனையில் பியாவே ஆற்றுப் பக்கமிருந்து தபால் தாமதம் என்கிறார் அப்பா. எதிர்வீட்டுப் பையனும் அங்கேதானே இருக்கிறான்? அவன் கார்டு இரண்டு வந்துவிட்டது. சரி, போகட்டும். கால் ஈரமாக இருக்க விடாதே.

ரொட்டி வரிசையில் எல்லாம் அரண்மனைப் பேச்சுதான். பத்திரிகையில் வந்ததைத்தான் எழுதுகிறேன், பிரித்துப் படிக்கும் ஐயா கோபிக்க வேண்டாம். போன வருஷம் மார்ச்சில் சக்கரவர்த்தி கார்ல், மகாராணியின் அண்ணன் சிக்ஸ்டஸிடம் சமாதானத்துக்காக ஒரு கடிதம் கொடுத்தாராம். நம் கூட்டாளி ஜெர்மனி கையிலுள்ள அல்சாஸ்-லொரேனைப் பிரெஞ்சுக்காரர் கேட்பது நியாயம் என்று அதில் இருந்ததாம். இந்த மாதம் 12-ஆம் தேதி பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோ அதை அச்சிலேயே போட்டுவிட்டார். இரண்டே நாளில் நம் வெளிநாட்டு மந்திரி செர்னின் விலகிவிட்டார். அந்த அண்ணன் எதிரிப் பக்கத்துப் பெல்ஜியப் படையில் இருப்பவர். விடுவார்களா? 'இத்தாலிக்காரி காட்டிக்கொடுத்தாள்' என்று சீட்டா மகாராணியை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சண்டையை நிறுத்தப் பார்த்தது குற்றமா? போன ஆகஸ்டில் பாப்பரசர் சமாதானம் கேட்டு எழுதினாரே, எந்த ராஜாங்கம் காதுகொடுத்தது? அரண்மனைக் குதிரைகளை ஊருக்குக் கரி இழுக்க விட்டவர் நம் சக்கரவர்த்தி. சிப்பாய்களைக் கட்டிவைக்கும் தண்டனையை எடுத்தவரும் இவர்தான், நீயே சொன்னாய். புருஷனும் பெண்டாட்டியும் பூசை தவறாதவர்கள். நீ பூசைக்குப் போகிறாயா? செபமாலை பத்திரமா? ஒரு கார்டாவது போடு.

பிரெஞ்சுக்காரர் அந்த வரிகளைத் திரித்துவிட்டார்கள் என்று அரண்மனை அறிவித்திருக்கிறது. அப்பா நம்புகிறார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சக்கரவர்த்திமேல் கோபம் வரவில்லை. பயம் வந்தால் மனுஷர் எதையும் இல்லை என்பார்கள். எனக்குத் தெரியாதா?

லீவு முடிந்த அன்று விடியற்காலையில் நீ பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். என்னிடம் ஒன்று கேட்டாய். என்ன கேட்டாய் என்று இங்கே எழுத முடியாது. நான் திரும்பாமல் பாத்திரம் தேய்த்தேன். தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் அப்போது தோன்றியது. உன் கழுத்துத் துணியைச் சரிசெய்து நானே ரயிலடிவரை வந்தேன். பிள்ளை ஏதாவது கேட்டானா என்று அப்பா அன்று ராத்திரி விசாரித்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

கேட்டாய். காதில் விழுந்தது.

காலுறை இரண்டு அனுப்பியிருக்கிறேன். எழுத மனமில்லாவிட்டால் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு, போதும்.

அம்மா