மத்தியானப் பேய்

பாரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கட கால் வீக்கம் வத்தினதோ? லாச்சப்பல் தமிழ்க் கடையில வறுத்த அரிசிமா வாங்கிப் புட்டு அவிச்சனான். உங்கட கைப்பதம் வரேல்லை.

நான் துப்பரவு வேலை செய்யிற தியேட்டரைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். ஒடுக்கமான தெருவில ஒரு சின்னத் தியேட்டர், பழைய படங்கள்தான் ஓடும். கடைசிக் காட்சி முடியத்தான் எனக்கு வேலை. வெள்ளனப் போனால் பின் வரிசையில இருந்து பார்க்க விடுவினம். இந்த மாசம் முழுக்க நாற்பது தாண்டின ஆம்பிளையளின்ர விசர்க் கதையள்தான்.

இஞ்ச அந்த வருத்தத்துக்குப் பேரும் வச்சிருக்கினம்: தெமோன் து மிதி, மத்தியானப் பேய். உச்சி வெயிலில கிணத்தடிக்குப் போகாதை, பேய் அடிக்கும் எண்டு அம்மா சொல்லுறவ எல்லே? அதே பேய்தான். இஞ்ச ஆயுசின்ர மத்தியானத்தில அடிக்குது. அத்தானையும் கவனமாப் பாருங்கோ.

எரிக் ரொமேர் 1970 இல எடுத்த படத்தில, கலியாணம் முடிக்கப்போற ஒரு மனுசன் அன்னெசி ஏரிக்கரைக்கு வந்து ஒரு பெட்டையின்ர முழங்காலைத் தொடவேணும் எண்டு தவிக்கிறார். முழங்கால், அக்கா! வேற ஒண்டுமில்லை. கடைசியில மழைக்கு ஒதுங்கின இடத்தில, அவளின்ர பொடியனைப் பற்றிக் கோள் சொல்லி அழப்பண்ணிப்போட்டுத் தொடுறார். அவளோ ஆறுதல் சொல்லுறார் எண்டு நினைக்கிறாள்.

அதுக்குச் சிரிச்சனான். அடுத்த கிழமை த்ருஃபோ எண்ட டைரக்டரின்ர 'லா போ தூஸ்' படம், 1964 இல வந்தது. பேர்போன இலக்கியக்காரர், பெண்சாதி பிள்ளையோட இருக்கிறவர், லிஸ்பனுக்குப் பேசப் போற பிளேனில பணிப்பெண்ணில மனசை விடுறார். அவளா நடிச்சது பிரான்சுவாஸ் தொர்லெயாக், நடிகை கத்ரீன் தெனேவின்ர அக்கா. என்ன வடிவு! மூண்டு வருசத்தில கார் விபத்தில செத்துப்போனா, 25 வயதில. ஹோட்டலில அவள் சந்திக்கச் சம்மதிச்ச உடன, இந்த மனுசன் அறையில இருக்கிற லைற் எல்லாத்தையும் ஒண்டொண்டாப் போடுறார், தீபாவளி மாதிரி.

பிறகு மனுசி அவற்ற உடுப்புப் பொக்கற்றில போட்டோக் கடைத் துண்டு ஒண்டைக் காணுறா. போய் அந்தப் போட்டோக்களை வாங்கிப் பார்க்கிறா. எல்லாம் விளங்குது. துவக்கைக் கோட்டுக்குள்ள மறைச்சுக்கொண்டு அவர் சாப்பிடுற ரெஸ்ரோறன்றுக்குப் போறா. அந்த நேரம் அவர் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கிறார். எடுத்தது வேலைக்காரப் பிள்ளை. "மதாம் இப்பதான் வெளிக்கிட்டவ." மறிக்க ஓடுறாள். பிந்திப்போச்சு.

துவக்குச் சத்தத்தில எல்லாரும் திடுக்கிட்டினம். எனக்கு அந்த வேலைக்காரப் பிள்ளைதான் கண்ணுக்குள்ள நிக்கிறாள். எத்தினை வீட்டில நான் அப்பிடி ரெலிபோன் எடுத்திருக்கிறன்! படத்தில வாற வீடு த்ருஃபோவின்ர சொந்த வீடாம். அடுத்த வருசம் அவருக்கும் விவாகரத்து. தன்ர கதைக்குத் தானே துவக்குக் குடுத்தமாதிரி எனக்குப் பட்டுது.

அண்டைக்கு இவற்ற ஜக்கெற்றைத் தோய்க்கப் போட முன்னம் பொக்கற்றைத் தடவினன். 22 வருசத்தில இதுதான் முதல்தரம். ஒரு மெத்ரோ துண்டு, பல்லுக்குத்தி ரெண்டு, நான் எழுதிக் குடுத்த சாமான் சீட்டு. கறிவேப்பிலைக்கு நேர மட்டும் கோடு கீறேல்லை. அண்டைக்கே கேட்டிருக்கவேணும், அது இல்லாமல்தான் பருப்பு வைச்சனான்.

அன்புத் தங்கச்சி