எஃப் சட்டம் இல்லாமல் வந்த லொறி

விசுவமடு,
முல்லைத்தீவு மாவட்டம்.
09.09.2024

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மாதிரிச் சாமான் கடை,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

பாகம் குறைந்து வந்த 1/24 லொறிக் கிற், அளவு மாறி வந்த கப்பல் கிற், வராத பசை தொடர்பாக

நான் விசுவமடுவில் லொறிகளுக்குப் பொடி (மேற்கூடு) கட்டும் பட்டறை வைத்திருப்பவன். இரவில் பட்டறையைப் பூட்டியபின் பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்ரிக் கிற் ஒட்டி மாதிரி லொறியும் கப்பலும் செய்வது என் பழக்கம். இதுவரை பதினொன்று முடித்திருக்கிறேன். அதில் நான்கு உங்களிடம் வாங்கியவை. அந்த நான்கிலும் ஒரு குறை சொல்ல இருக்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் இம்முறையும் முழுக் காசையும் முதலே வங்கியில் போட்டேன். உங்கள் ஆட்களோடு ஆறு தரம் தொலைபேசியில் கதைத்து ஆறு விதமான மறுமொழி கேட்டாயிற்று. இனி எழுத்தில் இருக்கட்டும்.

யூலை 29ஆம் திகதி நான் கேட்டது மூன்று சாமான்: 1/24 அளவில் (உண்மை லொறியின் 24இல் ஒரு பங்கு) ஐரோப்பிய பிறைம் மூவர் (ட்ரெயிலர் இழுக்கும் லொறித் தலை) ஒன்று, 1/400 அளவில் ரைற்றானிக் கப்பல் ஒன்று, பிளாஸ்ரிக் ஒட்டும் பசை ஒரு போத்தல். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. வெளிமாவட்டம் என்று 950 ரூபா மேலதிகமாக எடுத்ததும் அதிலே இருக்கிறது.

முதலில் லொறி.

பெட்டியின் வெளியே எல்லாம் ஒழுங்கு. உள்ளே ஏ முதல் எச் வரை எட்டுப் பிளாஸ்ரிக் சட்டங்கள் இருக்கவேண்டும் என்று செய்முறைத் தாளின் முதல் பக்கத்தில் படம் போட்டிருக்கிறது. ஏழுதான் இருந்தன. எஃப் இல்லை. கிற் ஒட்டாதவர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன்: ஒவ்வொரு சட்டத்திலும் பாகங்கள் பிஞ்சுக்காய்போல ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றொன்றாக வெட்டி எடுத்து ஒட்டவேண்டும். எஃப் சட்டத்தில் 28 பாகங்கள். காற்றுத் தாங்கிகள், கண்ணாடி பிடிக்கும் கைகள், சில்லு நட்டு மூடிகள், எல்லாவற்றுக்கும் மேலாக, ட்ரெயிலரைப் பூட்டுகிற அந்த வட்டத் தட்டு. பிறைம் மூவரிலே அந்தத் தட்டு இல்லாவிட்டால் அது வெறும் தலை. தலை மட்டும் எதை இழுக்கும்?

எஃப் சட்டம் வழியில் விழுந்திருக்கலாம் என்று உங்கள் முதலாவது மறுமொழி. விழவில்லை. மற்றச் சட்டங்களின் பைகள் எல்லாம் தொழிற்சாலையில் சூடுவைத்து மூடியபடியே இருந்தன. எஃப் இருந்த பை மட்டும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டு, மடித்து, ஸ்ரேப்ளர் பின் குத்தப்பட்டிருந்தது. அந்தப் பின் துருப்பிடித்திருந்தது. அது பட்டுக்கொண்டிருந்த செய்முறைத் தாளின் மூலையில் பின்னின் அச்சு அப்படியே மண்ணிறத்தில் பதிந்திருந்தது.

துரு எனக்குத் தெரியும். என் பட்டறைக்கு வருகிற செசிகளில் பாதி துருவோடுதான் வரும். 2006 டிசம்பரில் அரிசி ஏற்றிவந்து முல்லைத்தீவுக் கரையில் தட்டின ஃபாரா 3 கப்பல் உப்புக் காற்றில் வருசக்கணக்காக நின்று துருத்ததைக் கரையில் நின்று பார்த்த ஆள் நான். மாதிரிக் கப்பலுக்குத் துரு நிறம் பூசும்போது எனக்குப் படம் தேவைப்படுவதில்லை. ஒரு ஸ்ரேப்ளர் பின் தன் அச்சைக் கடதாசியில் விடும் அளவுக்குத் துருக்க மாதங்கள் வேண்டும். கொழும்பிலிருந்து விசுவமடுவுக்கு நீங்கள் பார்சலை எவ்வளவு ஆறுதலாக அனுப்பினாலும் அத்தனை மாதம் எடுக்காது. ஆகவே அந்தப் பையை யாரோ உங்கள் கடையில் வைத்து, எனக்கு விற்பதற்கு வெகுகாலம் முன்பே, வெட்டித் திறந்திருக்கிறார்கள். வேறொரு வாடிக்கையாளருக்கு ஒரு பாகம் குறைந்தபோது இதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம், அல்லது யாராவது திருப்பித் தந்த கிற்றாக இருக்கலாம். எது நடந்தது என்று விசாரிப்பது உங்கள் வேலை. புதுச் சாமான் விலைக்கு எனக்குத் தந்திருக்கக்கூடாது.

இரண்டாவது மறுமொழி, பெட்டி திறக்கும் வீடியோ எங்கே என்று. கலியாண வீடா வீடியோ எடுக்க? இரவு ஒன்பது மணிக்கு, பட்டறை மேசையில், பேத்தி பக்கத்திலிருந்து பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். அப்படி ஒரு நிபந்தனை இருப்பதாக நான் காசு கட்டும்போது யாரும் சொல்லவில்லை, பற்றுச்சீட்டிலும் இல்லை.

மூன்றாவது மறுமொழி, 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவில்லை என்று. இதிலே கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். 'பார்சல் ஒப்படைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி ஓகஸ்ற் 9, வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு வந்தது. அப்போது பார்சல் கிளிநொச்சியில் கூரியர் அலுவலகத்தில் இருந்தது. திங்கள் மத்தியானம் கூரியர் தம்பி கோல் எடுத்து, "ஐயா, உங்கட ஒழுங்கைக்குள்ள வரேலாது, சந்திக்கு வாங்கோ" என்றார். சந்திக்குப் போய்க் கையெழுத்து வைத்து வாங்கினேன். அன்றிரவே திறந்தேன், மறுநாள் காலை எட்டு மணிக்கு உங்களுக்கு அறிவித்தேன். என் கையெழுத்திலிருந்து எண்ணினால் இருபது மணித்தியாலம்கூட ஆகவில்லை. குறுஞ்செய்தியிலிருந்து எண்ணினால், பார்சல் என் கைக்கு வரமுதலே 48 மணித்தியாலமும் முடிந்துவிட்டது. வெளிமாவட்டம் என்று மேலதிகக் காசு எடுக்கத் தெரிந்த உங்களுக்கு, வெளிமாவட்டத்துக்குச் சாமான் போய்ச்சேரப் பிந்தும் என்பது தெரியாமல் போனது ஆச்சரியம்.

நான்காவது மறுமொழிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. முதல்நாள் கதைத்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பொடி கட்டுகிற ஆள் என்று அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை அவர் எழுதி வைத்திருக்கவேண்டும். அடுத்தநாள் எடுத்த மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, நீங்கள் பெரிய லொறிக்கே வேலை செய்யிற ஆள். இந்தச் சின்னத் துண்டை நீங்களே செய்துபோட்டாப் போச்சே."

செய்யலாம். இல்லாததை வைத்துச் சமாளிப்பதை வன்னியில் இருப்பவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சின்னனில் மீன் ரின்னைத் தட்டி லொறி செய்து, தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் போட்டு இழுத்த கூட்டம் நாங்கள். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அதெல்லாம் கடையில் சாமான் இல்லாத காலம். இப்போது நான் கடையில் 24,500 ரூபா கொடுத்து வாங்கியிருக்கிறேன். என் கெட்டித்தனத்தை உங்கள் பிழைக்கு ஈடாக எழுதி நீங்கள் கணக்கை முடிக்கக்கூடாது.

இருந்தும் நான் அந்தத் துண்டைச் செய்தேன். காரணம், அந்த லொறி எனக்காகக் கேட்டதில்லை. ஏ9 வீதியில் நெடுங்காலம் பிறைம் மூவர் ஓடிய ஒருவர் கண் பார்வை குறைந்து இந்த ஆவணியோடு ஓட்டத்தை விட்டார். அவருடைய கூட்டாளி றைவர்மார் காசு சேர்த்து, அவர் ஓடின நிறத்திலேயே ஒரு மாதிரி லொறி செய்து தரச் சொன்னார்கள். முகப்பில் 'முறிகண்டிப் பிள்ளையார் துணை' என்று எழுதவேண்டும் என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை. 25 சென்ரிமீற்றர் நீள லொறியில் அந்த எழுத்தை ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுத இரண்டு இரவு போனது. குறைந்த அந்த வட்டத் தட்டைப் பால்மா ரின் தகரத்தில் வெட்டி, அரத்தால் ராவி, கறுப்புப் பூசிப் பொருத்தினேன். செப்ரெம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை கொடுத்தோம்.

வாங்கினவர் எழுத்தைத் தடவிப் பார்த்தார். கபினைப் பார்த்தார். பிறகு பின்னுக்குத் திருப்பி, அந்தத் தட்டில் விரலை வைத்து அமத்தினார். "இது ஆடேல்லை" என்றார். சரியான தட்டு முன்னுக்கும் பின்னுக்கும் சரிந்து கொடுக்கும், ட்ரெயிலர் பள்ளத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் அதுதான் தாங்கும். கிற்றில் வருகிற பாகமும் அப்படிச் சரியும்படிதான் அச்சில் அடித்திருப்பார்கள், செய்முறைத் தாளின் படம் அப்படித்தான் காட்டுகிறது. என்னுடைய தகரம் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த மனுசன் குறையாகச் சொல்லவில்லை, கை பழகிய இடத்துக்குத் தானாகப் போனது. ஆனால் அங்கே நின்ற ஏழெட்டு றைவர்மாரும் என் வாடிக்கையாளர்கள். 1/24 அளவில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் உண்மை லொறியில் அது ஒரு அங்குலத்துக்குக் கிட்ட. ஒரு அங்குலம் கோணலாகப் பொடி கட்டினால் இவர்கள் லொறியை எடுக்கமாட்டார்கள்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே வாதாட ஒன்றுமில்லை. கேட்டது 1/400. வந்தது 1/700. பற்றுச்சீட்டில் 1/400 என்று நீங்களே எழுதி, அந்த விலையே எடுத்திருக்கிறீர்கள். "அதே கப்பல்தான், கொஞ்சம் சின்னன்" என்று உங்கள் ஐந்தாவது மறுமொழி. ரைற்றானிக்கின் நீளம் 269 மீற்றர். 1/400இல் அது 67 சென்ரிமீற்றர், 1/700இல் 38. நீளத்தில் ஏழில் நாலு பங்கு, கன அளவில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிலோ மீன் கேட்டவனுக்கு இருநூறு கிராம் நிறுத்துவிட்டு, அதே மீன்தான் என்றால் முல்லைத்தீவுச் சந்தையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கப்பலுக்கென்று 30 அங்குலக் கண்ணாடிப் பெட்டி வெட்டுவித்து வைத்திருக்கிறேன். பேத்திக்குப் பத்து வயது, உயிர்காப்புப் படகுகளுக்கு நிறம் பூசுவது அவளுடைய பங்கு. 9 மீற்றர் படகு 1/400இல் 2.3 சென்ரிமீற்றர் வரும், அவளுடைய கைக்கு அடங்கும். 1/700இல் 1.3, அது என் கண்ணுக்கே அடங்காது. பெட்டியைத் திறக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

பசை. திரவப் பசை தீப்பற்றும் சாமான், கூரியரில் ஏற்றமாட்டார்கள் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதைக் காசு எடுக்கமுதல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பதிலுக்கு ஒரு சின்னக் குழாய் சுப்பர் குளூ வைத்து அனுப்பிவிட்டு, "ரெண்டும் ஒட்டுறதுதானே" என்றது ஆறாவது மறுமொழி. மாதிரிச் சாமான் விற்கிற கடைக்காரர் இப்படிச் சொல்லக் கேட்டு நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டேன். கிற் பசை இரண்டு பக்கப் பிளாஸ்ரிக்கையும் கரைத்து ஒன்றாக்கும், வெல்டிங் போல. சுப்பர் குளூ இடையில் நின்று பிடிக்கும், அவ்வளவுதான். அதைவிட, அதன் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெள்ளையாகப் படியும். நல்லவேளை, நான் முன்கண்ணாடியில் வைக்கமுதல் வெட்டி எறியும் கண்ணாடித் துண்டொன்றில் வைத்துப் பார்த்தேன். விடியப் பார்த்தால் மார்கழிப் பனி படிந்ததுபோல இருந்தது. துண்டின் படத்தை இணைத்திருக்கிறேன். கடைசியில் கிளிநொச்சியில் பள்ளிக்கூட மாதிரிகள் செய்யும் ஒரு ஆசிரியரிடம் அரைப் போத்தல் பசை கடன் வாங்கித்தான் லொறியை முடித்தேன். அவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

நான் கேட்பது இவ்வளவு. லொறியின் எஃப் சட்டம் முழுதாக வேண்டும், தட்டை மட்டும் வெட்டி ஒரு உறையில் போட்டு அனுப்பாதீர்கள். தயாரிப்பாளரிடம் உதிரிச் சட்டம் தனியாகக் கேட்டு வாங்கும் வழி இருக்கிறது, அந்தப் படிவம் பெட்டிக்குள்ளேயே வரும். என் பெட்டியில் அந்தப் படிவமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கப்பலை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 1/400 கிற்றை அனுப்புங்கள், கைவசம் இல்லையென்றால் காசைத் திருப்பித் தாருங்கள். பசைக்கு எடுத்த காசு திரும்ப வரவேண்டும். 48 மணித்தியால விதியை வைத்திருப்பதென்றால், வாங்குபவரின் கையெழுத்திலிருந்து எண்ணுங்கள். இந்தக் கடைசி விடயம் எனக்கு மட்டும் உரியதில்லை, ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் இருந்து உங்களிடம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் மறுமொழி தாருங்கள். தொலைபேசி மறுமொழி இனி வேண்டாம். வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வேன். அதற்குரிய பிரதிகளை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.

பார்சல் அனுப்பும்போது கூரியர்காரருக்கு ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்: எங்கள் ஒழுங்கைக்குள் பத்துச் சில்லு லொறியே வந்து திரும்புகிறது, மோட்டார் சைக்கிள் தாராளமாக வரும். சந்தியில் நிற்கத் தேவையில்லை.

துருப்பிடித்த பின்னையும் வெட்டிய பையையும் இத்துடன் அனுப்பவில்லை, படம் மட்டுமே அனுப்புகிறேன். பின் என்னிடம் ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி இருக்கிறது. பார்க்க விரும்பினால் உங்கள் ஆள் ஒருவர் விசுவமடுவுக்கு வரலாம். தேத்தண்ணி தருவேன், பின்னைத் தரமாட்டேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
லொறிப் பட்டறைக்காரர், விசுவமடு.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, குறுஞ்செய்தியின் படம், கூரியர் கையெழுத்துத் தாளின் பிரதி, பின்னும் பையும் கண்ணாடித் துண்டும் காட்டும் படங்கள் மூன்று.