குழந்தையின் தலைவடிவத் திருத்த ஹெல்மெட்: தாமதமும் தவறான அறிவுரைகளும் குறித்த புகார்

அனுப்புநர்: குழந்தையின் தாய்
பெறுநர்: தலைமை அலுவலர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பழைய அளவில் செய்யப்பட்ட ஹெல்மெட்டுக்குப் பதிலாகப் புதிய ஹெல்மெட் வழங்கவும், பெற்றோருக்கான அறிவுரைகளைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஏழு மாதம் நிறையவிருக்கும் எங்கள் மகளுக்குத் தங்கள் நிறுவனம் செய்து கொடுத்த தலைவடிவத் திருத்த ஹெல்மெட் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். இதுவரை தொலைபேசியில் மூன்று முறையும் நேரில் ஒரு முறையும் முறையிட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் பேச்சு "பழகிவிடும்" என்ற சொல்லில்தான் முடிந்தது. குழந்தை பழகிக்கொள்ள வேண்டியது எது, நிறுவனம் சரிசெய்து தர வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கத் தங்கள் ஊழியர்கள் ஒருவரும் முன்வரவில்லை என்பதே என் புகார்.

மகளுக்கு இரண்டரை மாதம் ஆனபோது, பின்தலையின் வலப்பக்கம் தட்டையாகி வருவதைக் குளிப்பாட்டும்போது கண்டோம். கழுத்தின் இடப்புறத் தசை இறுகியிருந்ததால் அவள் எப்போதும் முகத்தை வலப்பக்கமே திருப்பிப் படுத்தாள். இதை டார்டிகாலிஸ் என்று மருத்துவர் விளக்கினார். மண்டையோட்டு எலும்புகளின் இணைப்புகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் நோய் இல்லை என்பதை அவர் முதலில் உறுதிசெய்துகொண்டார். பிறகு இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கழுத்துப் பயிற்சி செய்தோம்; விழித்திருக்கும் நேரங்களில் குப்புறப் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டினோம். கழுத்து நேரானது, ஆனால் தலையின் வடிவம் சொல்லிக்கொள்ளும்படி மாறவில்லை. ஐந்து மாதம் நிறைந்த அன்று தங்கள் மையத்தில் ஸ்கேன் எடுத்தபோது, தலையின் இரண்டு மூலைவிட்ட அளவுகளுக்கும் இடையே 14 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது.

இந்தச் சிகிச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, 84 குழந்தைகளை இரண்டு வயதுவரை கவனித்து, ஹெல்மெட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கூறியதை அறிந்தே வந்தோம். அதே ஆய்வில், ஹெல்மெட் அணிந்த குழந்தைகளின் பெற்றோர் அனைவருமே ஏதேனும் ஒரு பக்கவிளைவைத் தெரிவித்திருக்கிறார்கள். ஆகவே தோல் புண்ணாகலாம் என்பது தங்களுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்க முடியாது. எங்கள் மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனையுடன்தான் ஹெல்மெட்டுக்கு ஒப்புக்கொண்டார்: அளவு துல்லியமாக இருக்க வேண்டும், காலம் வீணாகக் கூடாது. இவ்விரண்டிலுமே தங்கள் நிறுவனம் தவறியது.

ஸ்கேன் எடுத்த பத்து நாளில் ஹெல்மெட் கைக்கு வரும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். வந்து சேர 26 நாள் ஆயிற்று. பெரியவர்களின் மூக்குக் கண்ணாடி 16 நாள் தாமதமானால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். மூன்று முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தையின் தலைச்சுற்றளவோ மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அதாவது, எந்தத் தலையை அளந்தீர்களோ அந்தத் தலைக்கான ஹெல்மெட்டை அதைவிடப் பெரிய தலையில் மாட்டினீர்கள். மாட்டிய ஊழியர் அளவுநாடாவைக் கையில் எடுக்கவே இல்லை. பின்னர் வேறொரு ஆர்த்தோட்டிஸ்ட் (இத்தகைய திருத்தக் கருவிகளை உடலுக்குப் பொருத்தும் நிபுணர்) அளந்து பார்த்தபோது, தங்கள் ஸ்கேன் தாளில் இருந்த சுற்றளவைவிட 8 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. அன்றைக்கே ஒரு நிமிடம் செலவிட்டு அளந்திருந்தால், இக்கடிதத்தை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

மாட்டிய நாளில் தரப்பட்ட அறிவுரை அடுத்த தவறு. "இன்றிலிருந்தே 23 மணி நேரம் போட்டுவிடுங்கள், கழற்றிக் கழற்றி மாட்டினால் பழக மாட்டாள்" என்று சொல்லி அனுப்பினார்கள். உடன் தந்த ஒற்றைத் தாளிலும் நாளொன்றுக்கு 23 மணி நேரம் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாள் ஒன்றுக்கு 23 மணி நேரம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம். அங்கே படிப்படியாகத்தான் போக வேண்டும் என்பதைப் பிறகு அந்த ஆர்த்தோட்டிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். முதல் நாள் ஒரு மணி நேரம் அணிவித்து ஒரு மணி நேரம் கழற்றி வைப்பது, மறுநாள் இரண்டு மணி நேரம், மூன்றாம் நாள் நான்கு, நான்காம் நாள் எட்டு என்று கூட்டிக்கொண்டே போய், அதன் பிறகே இரவுத் தூக்கத்திலும் விட்டுவைப்பது, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தோலைப் பார்ப்பது என்பதுதான் முறையாம். தோலும் குழந்தையும் பழகுவதற்கு மட்டுமன்றி, ஹெல்மெட் எங்கே தவறாக அழுத்துகிறது என்பதை நேரத்தோடு கண்டுபிடிப்பதற்கும் அந்த இடைவெளிகள் உதவுகின்றன. எங்களுக்கு அந்த வாய்ப்பை நீங்கள் தரவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கழற்றியபோது இடக்காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டை ஒட்டி, விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. ஹெல்மெட் தலையை அமுக்கி வடிவம் மாற்றுவதில்லை. மேடான இடங்களைத் தொட்டு நின்று, தட்டையான பகுதி வளர்ந்து நிரம்புவதற்கு இடம் விடுகிறது. எங்கள் மகளுக்கு மேடாக இருப்பவை வலப்பக்க நெற்றியும் பின்தலையின் இடப்பக்கமும். அங்கே இலேசாகச் சிவந்து ஒரு மணி நேரத்துக்குள் மறைந்திருந்தால் நாங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டோம். சிவந்ததோ தொடவே கூடாத இடம். மூன்று மணி நேரம் ஆகியும் அது மறையவில்லை.

உடனே தங்கள் உதவி எண்ணை அழைத்தேன். எல்லாக் குழந்தைகளும் முதல் வாரம் அழும் என்றார் பேசியவர். சிவப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று அவர் கேட்கவே இல்லை. மறுநாள் வேறொருவர், உள்ளே பவுடர் தூவி மாட்டுங்கள் என்றார். ஹெல்மெட்டுக்குள் பவுடரோ தைலமோ கூடாது, வியர்வையோடு சேர்ந்து தோலை அவை மேலும் கெடுக்கும் என்று எங்கள் மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்ததால் அதைச் செய்யவில்லை. நான்காம் நாள் தோல் உரிந்து நீர் கசிந்தபோது மூன்றாம் முறை அழைத்தேன். இரவில் குப்புறப் படுக்கவைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் அழுத்தம் குறையும் என்ற பதில் வந்தது.

இந்தப் பதிலைத் தாங்கள் தனியாக விசாரிக்க வேண்டும். உறங்கும் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 1992-இல் அறிவுறுத்தியது. அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அந்நாட்டில் குழந்தைகளின் திடீர்த் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. பின்தலை தட்டையாகும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியதற்கும் மல்லாந்து உறங்கும் அந்த வழக்கமே ஒரு காரணம். தட்டைத் தலையைத் திருத்தும் தொழிலில் இருப்பவருக்கு இது அரிச்சுவடி. எங்களைவிட அனுபவம் குறைந்த பெற்றோர் அந்த அறிவுரையை அப்படியே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

மருத்துவர் சொன்னதால் அன்றிரவே ஹெல்மெட்டைக் கழற்றினோம். ஆறு நாளில் புண் ஆறியது. ஆனால் ஹெல்மெட் திருத்தப்படாமல் அதே இடத்தில் அதை மறுபடி அழுத்தவிட முடியாது. மாட்டிய நாளிலிருந்து பதினேழாம் நாள்தான் தங்கள் மையத்தில் எங்களுக்கு நேரம் கிடைத்தது. அங்கே உள்ளிருக்கும் ஃபோமைச் சீவிக் கொடுத்துவிட்டு, இனி பழகிவிடும் என்று அங்கேயும் சொன்னார்கள்.

பழகினாள் என்பதும் உண்மை. சீவிய ஹெல்மெட்டை ஆர்த்தோட்டிஸ்ட் சொன்ன கால அட்டவணைப்படி அணிவித்தோம். உடுப்பில் ஓர் அடுக்கைக் குறைத்தோம்; கழுத்திலும் காதோரத்திலும் வியர்வையை அடிக்கடி ஒற்றி எடுத்தோம். கழற்றும் ஒரு மணி நேரத்தில் குளிப்பாட்டி, ஹெல்மெட்டின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலர்த்திய பிறகே மாட்டினோம். பால் கொடுக்கும்போது ஹெல்மெட்டின் விளிம்பு என் நெஞ்சில் இடித்ததால், அவளை மடிக்குக் குறுக்கே கிடத்தாமல் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கப் பழகியது நான்தான். வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே சிணுங்கியவள், என் கணவர் முன்னால் அமர்ந்து கிலுகிலுப்பை ஆட்ட, மூன்றாம் நாளிலிருந்து அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஐந்தாம் நாள் இரவு முழுவதும் உறங்கினாள். அளவும் முறையும் சரியானதும் ஐந்தே நாளில் பழகிக்கொண்ட குழந்தையை, முதல் வாரம் முழுவதும் பிடிவாதக்காரி என்று தங்கள் ஊழியர்கள் எங்களிடமே பேசினார்கள்.

ஆனால் சீவியதோடு சிக்கல் தீரவில்லை. வளர்ச்சிக்கு ஏற்ப வரும் மாதங்களில் சிறுகச் சிறுகச் சீவ வேண்டிய ஃபோமைத் தங்கள் தவறைச் சரிக்கட்ட ஒரே நாளில் சீவிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஃபோம் தாள்போல் மெலிந்திருக்கிறது. ஹெல்மெட் பக்கவாட்டில் சுழன்று புருவத்தின் மேல் வந்து நிற்கிறது. சுழலும் ஹெல்மெட், இடம் விட வேண்டிய தட்டைப் பகுதிக்கு இடம் விடாது.

ஆகவே மகளுக்கு மீண்டும் ஸ்கேன் எடுத்து, பத்து நாளுக்குள் புதிய ஹெல்மெட்டைக் கட்டணமின்றித் தர வேண்டும். மாட்டும் நாளில் சுற்றளவை அளந்து எங்கள் முன்னிலையில் கோப்பில் எழுத வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கும் தேதிகளை முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். உதவி எண்ணில் கூறப்பட்ட மூன்று பதில்களுக்கும் எழுத்துமூலம் விளக்கம் வேண்டும். பெற்றோருக்குத் தரும் தாளில் படிப்படியான கால அட்டவணையையும், ஒரு மணி நேரத்துக்குள் மறையாத சிவப்பைக் கண்டால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தங்களை அழைக்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி மருத்துவரின் கருத்தைப் பெற்றபின் தனியே எழுதுவேன்.

தாமதத்தில் 16 நாளும் காத்திருப்பில் 17 நாளுமாக 33 நாட்கள் போய்விட்டன. ஆறு மாதத்துக்குப் பிறகு தலையின் வளர்ச்சி வேகம் பாதியாகக் குறைகிறது. அந்த 33 நாட்களில் கிடைத்திருக்கக்கூடிய வளர்ச்சியை எந்த ஹெல்மெட்டாலும் இனி மீட்டுத் தர முடியாது. எனவே ஏழு நாட்களுக்குள் ஸ்கேனுக்கான தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இணைப்பு: ஸ்கேன் தாளின் நகல், பத்து நாளில் தருவதாக எழுதிய ரசீது, தோல் புண்ணின் புகைப்படங்கள் நாள்வாரியாக, மருத்துவரின் குறிப்பு.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்