கரிகாலன் கொலை இருட்டிலேயே நடக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாவல்களை மேடையேற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்கியின் பொன்னியின் செல்வன் என்றாலே அரண்மனை, யானை, கடல், புயல் இதையெல்லாம் மேடையில் எப்படிக் காட்டுவது என்ற கவலைதான் எல்லாருக்கும். மேஜிக் லேன்டர்ன் நாடகக் குழு 1999-லேயே நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அதைச் செய்து காட்டிவிட்டது, அப்புறம் 2014-இல் தோட்டா தரணியின் அரங்க அமைப்போடு மியூசிக் அகாடமியிலும் போட்டார்கள். ஐந்து பாகத்தை ஒரே மாலைக்குள் அடக்கிய குமரவேலின் பிரதி சாதாரண வேலை இல்லை. அதனால் யானையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது கொலை. ராஜா ராணி உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டுப் பார்த்தால் இது ஒரு மர்மக் கதைதான், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதான் அதன் முடிச்சு. கடம்பூர் மாளிகையில் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியின் அறை, கதாநாயகன் வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், விளக்கு அணைகிறது, மறுபடி பார்க்கும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். அவ்வளவுதான் கல்கி காட்டுகிறார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது, நான்தான் கொன்றேன் என்கிறாள் அவனைக் காதலிக்கும் மணிமேகலை, பெரிய பழுவேட்டரையரும் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், படிக்கிற நமக்கோ இன்றுவரை சந்தேகம் தீரவில்லை. வாரா வாரம் பத்திரிகையில் தொடராகப் படித்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

சமீபத்தில் நான் பார்த்த ஒரு நாடகத்தில் (பெயர் வேண்டாம், சின்னப் பிள்ளைகள், ஆசையாகச் செய்தார்கள்) இந்த இடத்தில் மேடை முழுக்கச் சிவப்பு விளக்கு, டமடமவென்று மேளம், யார் குத்துகிறார்கள் என்பது கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி ஸ்லோமோஷனில் ஒரு குத்து. முடிந்தது கதை. அதற்குப் பிறகு மணிமேகலை வந்து அழுது பழியை ஏற்கும்போது கூட்டத்தில் யாரோ சிரித்தே விட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், எல்லாரும்தான் கண்ணால் பார்த்துவிட்டார்களே!

நாடகத்துக்கு என்று ஒரு வசதி இருக்கிறது, நிஜமாகவே விளக்கை அணைத்துவிடலாம். பத்து நொடி போதும். ஒரு கத்தி தரையில் விழும் சத்தம், ஒரு பெண்ணின் அலறல், யாரோ ஓடும் காலடி, மறுபடி வெளிச்சம் வரும்போது வந்தியத்தேவன் மட்டும் பிணத்துக்குப் பக்கத்தில். பார்வையாளர்களின் செல்போன் வெளிச்சம்தான் ஒரே தொல்லை, அதை ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லி அணைக்க வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டும் இதே கதைதான். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்த விவரத்தைச் சொல்கிறது, ஆனால் கரிகாலனை எங்கே எப்படிக் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ராஜராஜனுக்கு முன் அரசாண்ட உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார் நீலகண்ட சாஸ்திரி, இல்லை என்று மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். சரித்திரக்காரர்களே முடிக்காத வழக்கை லைட் போடுகிற தம்பி ஏன் முடிக்க வேண்டும்?

உங்கள் விமர்சகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது துணிந்து அப்படி இருட்டிலேயே போட்டால், 'கொலைக் காட்சியில் தெளிவு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்டுமன்னார்கோயில்.